ஹோஸ்ட் மாறினால் கெர்னல் ஏன் மாறுகிறது?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டப்படி கணினி அறிவியல் மாணவர்கள் ஏழாம் பருவத்தில் மேகக் கணிமை ஆய்வகத்துக்குப் போனார்கள். அங்கே முதல் சோதனையே, விண்டோஸ் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் அல்லது விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனை நிறுவி அதற்குள் லினக்ஸை ஓட்டிக் காட்டுவதுதான். 2021 பாடத்திட்டத்திலும் அது சிறு மாற்றத்துடன் தொடர்கிறது. திருச்சியை அடுத்த திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இதற்காக ஒரே லினக்ஸ் பிம்பத்தைப் பென் டிரைவில் கைமாற்றிக்கொள்கிறார்கள். ஒருவருடைய மடிக்கணினியில் அது சட்டென்று எழுந்துவிடும். பக்கத்து மேசையில் அதே பிம்பம் உள்நுழைவுத் திரைக்கு வரவே பல நிமிடம் பிடிக்கும். இன்னொன்றில் கெர்னல் பேனிக் என்று நின்றுவிடும். கோப்பு ஒன்று, கெர்னல் ஒன்று, ஒரு பைட்கூட மாறவில்லை. பிறகு எது மாறியது?

இது மாணவர் சிக்கல் மட்டும் அல்ல. 1965 முதல் இயங்கும் பெல் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த தொழிற்கூடங்களானாலும், நவல்பட்டு எல்காட் பூங்காவில் இருக்கும் மென்பொருள் நிறுவனங்களானாலும், இன்று சர்வர் என்று சொல்வது பெரும்பாலும் மெய்நிகர் கணினியைத்தான். பேச்சு வழக்கில் விஎம். பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. அதன் பிறகு உலகெங்கும் சிறு நிறுவனங்கள் தங்கள் விஎம்களைப் பெயர்த்தெடுத்துப் பிராக்ஸ்மாக்ஸ், ஹைப்பர்-வி, கேவிஎம் என்று வேறு இடங்களில் குடியமர்த்துகின்றன. பழைய இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடிய கெர்னல் புது இடத்தில் முரண்டு பிடிக்கிறது என்ற புகார் அதனால் முன்னைவிட அதிகமாகக் காதில் விழுகிறது. தாங்கும் கணினியை ஹோஸ்ட் என்றும், அதன் மேல் ஓடும் விஎம்மைக் கெஸ்ட் என்றும், இடையில் நின்று வன்பொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

1974 ஜூலையில் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எதை மெய்நிகர் கணினி என்று சொல்லலாம் என்பதற்கு இன்றும் அதுதான் அளவுகோல். ஒரு நிரல் நேரடி வன்பொருளில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே விஎம்முக்குள்ளும் நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் விதித்த முக்கிய நிபந்தனை. அதே மூச்சில் இரண்டு விலக்குகளையும் கொடுத்தார்கள். காலத்தைச் சார்ந்த வேறுபாடு வரலாம். கிடைக்கும் வளங்களைச் சார்ந்த வேறுபாடு வரலாம். அரை நூற்றாண்டு கழித்து, ஹோஸ்ட் மாறியதும் கெட்டுப்போகும் கெர்னல்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை இந்த இரண்டு விலக்குகளுக்குள்தான் அடங்குகின்றன. அன்றைக்கே தெரிந்து திறந்து வைத்த வாசல் அது. விஎம் என்றால் எங்கே வைத்தாலும் ஒன்றுபோல ஓடும் என்று விற்பனையாளர்கள் பின்னாளில் சொன்னதை நம்பி அந்த வாசலை நாம்தான் மறந்துபோனோம்.

இடைப்பட்ட வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எக்ஸ்86 செயலிகள் போபெக்-கோல்ட்பர்க் அளவுகோலுக்கு வெகுகாலம் ஒத்துவரவில்லை. ராபின், இர்வின் என்ற இரு ஆய்வாளர்கள் 2000இல் பென்டியம் செயலியின் கட்டளைகளைச் சோதித்து, ஹைப்பர்வைசரின் கண்ணில் படாமல் நழுவும் கட்டளைகள் 17 என்று காட்டினார்கள். கெஸ்ட் கெர்னலின் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி விஎம்வேர் 1999 முதல் அதைச் சமாளித்து வந்தது. கேம்பிரிட்ஜில் பிறந்த ஸென், 2003இல் வேறு வழி எடுத்தது. தான் ஹைப்பர்வைசரின் மேல் ஓடுவது தெரிந்தே நடந்துகொள்ளும்படி கெஸ்ட் கெர்னலையே திருத்தியது. 2005இல் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் செயலிக்குள்ளேயே தேவையான வசதியைக் கொண்டுவந்தன. 2007 பிப்ரவரியில் 2.6.20 கெர்னலோடு கேவிஎம் வந்துசேர்ந்தது.

வன்பொருள் உதவி வந்த பிறகும் ஸென் காட்டிய வழி மறையவில்லை. மற்ற ஹைப்பர்வைசர்களும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டன. லினக்ஸ் எழுந்திருக்கும் முதல் கணங்களில் சிபியுஐடி என்ற கட்டளையைப் பதினாறடிமான எண் 40000000உடன் ஓட்டி, தனக்குக் கீழே இருப்பது யார் என்று கேட்கிறது. பதிலாகப் பன்னிரண்டு பைட் வருகிறது. கேவிஎம் தன் பெயரை மூன்று முறை சொல்லும். விஎம்வேர் இரண்டு முறை சொல்லும். ஹைப்பர்-விக்கும் ஸென்னுக்கும் தனித்தனிக் கையொப்பம் உண்டு. அந்தப் பதிலைப் பொறுத்துக் கெர்னல் வேறு கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்கிறது, வேறு விதமாகப் பூட்டுகளைக் கையாள்கிறது, குறுக்கீடுகளை வேறு வழியில் அனுப்புகிறது. கெர்னல் கோப்பு ஒன்றாக இருப்பதால் ஓடும் நிரலும் ஒன்று என்று எண்ணுவது இங்கேதான் தவறிப்போகிறது. கோப்புக்குள் பல பாதைகள் இருக்கின்றன. எதில் போவது என்பதை ஹோஸ்ட் தீர்மானிக்கிறது.

ஹோஸ்ட் வேறொருவர் பெயரைச் சொல்வதும் உண்டு. 2015இல் வந்த 5.0 பதிப்பு முதல் விர்ச்சுவல்பாக்ஸ், லினக்ஸ் கெஸ்ட்டிடம் இயல்பாகவே தன்னைக் கேவிஎம் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. லினக்ஸுக்கு ஏற்கெனவே தெரிந்த இடைமுகத்தைக் கொடுத்தால் வேலை சுலபம் என்பது காரணம். ஆகையால் விண்டோஸ் மடிக்கணினியில் ஓடும் கெஸ்ட்டில் எல்எஸ்சிபியூ கட்டளை கொடுத்தால் கேவிஎம் என்று வரும். சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் கட்டளையோ ஆரக்கிள் என்று சொல்லும். முன்னது செயலியைக் கேட்கிறது; பின்னது பயாஸ் தரும் தயாரிப்பாளர் பெயரைப் பார்க்கிறது. இரண்டையும் எடுத்து வைக்காமல் ஆய்வைத் தொடங்கியவர்கள், இல்லாத கேவிஎம்மில் பிழையைத் தேடிக்கொண்டிருக்க நேரும்.

மடிக்கணினியில் பிம்பம் ஊர்வதற்குக் காரணம் பெரும்பாலும் விண்டோஸ் பக்கம்தான். விண்டோஸ் 11இல் நினைவகப் பாதுகாப்புக்காக மெமரி இன்டெக்ரிட்டி என்றொரு வசதி இருக்கிறது; புதிய கணினிகளில் அது ஏற்கெனவே இயங்கும் நிலையில் வருகிறது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யுஎஸ்எல்2 நிறுவினாலும் டாக்கர் டெஸ்க்டாப் நிறுவினாலும் நடப்பது இதேதான்: அடியில் ஹைப்பர்-வி எழுந்து, செயலியின் மெய்நிகராக்க வசதியைத் தன் கைக்குள் வைத்துக்கொள்கிறது. பிறகு வரும் விர்ச்சுவல்பாக்ஸ் அந்த வசதியை நேரடியாகத் தொட முடியாது. ஹைப்பர்-வியிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்த நிலையில் விஎம் சாளரத்தின் கீழ்ப்பட்டையில் வழக்கமான சில்லுச் சின்னத்துக்குப் பதில் பச்சை நிறத்தில் ஓர் ஆமை தெரியும். பதிவேட்டைத் திறந்தால் நத்தை முறை இயங்குகிறது என்று நிரலாளர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். பலருக்கு அந்தச் சின்னத்தின் பொருள் தெரியாது. பிம்பம் சரியில்லை என்று மறுபடி இறக்குகிறார்கள், நினைவகம் போதவில்லை என்று செலவு செய்கிறார்கள். மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்தால் பல வேளை வேகம் திரும்பும். ஆனால் வங்கிக் கணக்கும் கல்லூரி வேலையும் ஒரே கணினியில் இருக்கும் மாணவரிடம் அதை அணைக்கச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஹைப்பர்-வியை அல்லது டபிள்யுஎஸ்எல்2ஐயே பயன்படுத்தி அதே சோதனையைச் செய்ய விடுவது மேல்.

போபெக்கும் கோல்ட்பர்க்கும் காலத்தைக் குறிப்பிட்டது பொருத்தம்தான். ஹோஸ்ட் மாறும்போது மிகுந்த தொல்லை கொடுத்ததும் ஆய்வாளர்கள் அதிகம் எழுதியதும் கடிகாரத்தைப் பற்றித்தான். லினக்ஸ் 2.6 வரிசையின் தொடக்கத்தில், கெர்னல் நொடிக்கு 1000 டைமர் குறுக்கீடுகளை எதிர்பார்த்து, ஒவ்வொன்றையும் எண்ணி நேரத்தை நகர்த்தியது. தனிக் கணினியில் இதில் கோளாறு இல்லை. ஹோஸ்டில் பத்து விஎம்கள் இருந்து, ஒன்றுக்குச் சற்று நேரம் செயலி கிடைக்காமல் போனால், அந்த இடைவெளியில் வந்திருக்க வேண்டிய குறுக்கீடுகள் குவியும். சில தொலைந்தே போகும். கெஸ்ட்டின் கடிகாரம் பின்தங்கும். நெரிசல் இல்லாத ஹோஸ்டில் அதே விஎம் சரியான நேரம் காட்டும். இதற்காகவே ரெட் ஹாட் தன் 5 வரிசையில், குறுக்கீட்டு எண்ணிக்கையைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் ஓர் அளவுருவைச் சேர்த்தது. 2007 ஏப்ரலில் 2.6.21 கெர்னல் வெறும் எண்ணிக்கையை நம்பும் வழக்கத்திலிருந்து விலகத் தொடங்கிய பிறகுதான் நிலைமை சீரானது.

இன்றைய சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. எந்தக் கடிகாரத்திலிருந்து நேரம் படிப்பது என்பதற்குக் கெர்னலிடம் ஒரு பட்டியல் இருக்கிறது: செயலிக்குள் இருக்கும் சுழற்சி எண்ணியான டிஎஸ்சி, கேவிஎம் தரும் கடிகாரம், ஹைப்பர்-வி தரும் பக்கம், ஸென் கடிகாரம், கடைசியில் மதர்போர்டின் ஏசிபிஐ டைமர். டிஎஸ்சியைப் படிப்பது மிக மலிவு. நிரல் கெர்னலுக்குள் நுழையாமலேயே படித்துவிடும். ஏசிபிஐ டைமரைப் படிப்பதென்றால் ஒவ்வொரு முறையும் கெஸ்ட்டை விட்டு வெளியே ஹைப்பர்வைசர் வரை போய்வர வேண்டும். பல மடங்கு நேரம் பிடிக்கும். டிஎஸ்சி நம்பத்தக்கது இல்லை என்று தோன்றினால் கெர்னல் தானாகவே அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவில் அதற்கு ஒரே ஒரு வரிதான் சாட்சி. அதன் பிறகு ஒவ்வொரு வினவலுக்கும் பலமுறை நேரம் கேட்கும் டேட்டாபேஸ் மந்தமாகும். நிரலில் தவறு இருக்காது, வட்டில் தவறு இருக்காது, செயலிப் பயன்பாடு மட்டும் காரணமின்றி ஏறியிருக்கும்.

அமேசானின் மும்பை மேகக் கணிமை மையத்தை எடுத்துக்கொள்வோம். டி2 வகைக் கணினிகள் ஸென் மேல் ஓடுபவை. அதற்கு அடுத்து வந்த டி3, கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்ட நைட்ரோவின் மேல் ஓடுவது. ஸென் கடிகாரத்தில் நேரம் கேட்பதற்கு ஒவ்வொரு முறையும் கெர்னலுக்குள் நுழைந்தாக வேண்டியிருந்ததால், டிஎஸ்சிக்கு மாற்றிக்கொள்ளும்படி அமேசானே தன் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது. டி2இலிருந்து டி3க்கு விஎம்மை மாற்றினால் கடிகாரம் மட்டும் மாறுவதில்லை. எக்ஸ்விடிஏ என்றிருந்த வட்டு என்விஎம்இ பெயரில் வந்து நிற்கும். பிணைய அட்டையும் வேறாகும். அதற்கான டிரைவர்கள் பழைய பிம்பத்தில் இல்லையென்றால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

மடிக்கணினியில் இதே காலச் சிக்கல் எளிய உருவில் வரும். மூடி வைத்துவிட்டுப் போய் மறுநாள் திறந்தால், கெஸ்ட் இன்னும் நேற்றைய மாலையில் இருக்கும். ஏபிடி புதுப்பிக்கச் சொன்னால், சர்வரில் உள்ள பட்டியல் எதிர்காலத் தேதியிட்டது, இன்னும் செல்லாது என்று மறுக்கும். இணையதளச் சான்றிதழ்களும் இப்படியே நிராகரிக்கப்படலாம். இணைப்பில் கோளாறு என்று வைஃபையை மாற்றிக்கொண்டிருப்பவரிடம், கெஸ்ட்டில் டேட் என்று கட்டளை கொடுத்துப் பார்க்கச் சொன்னால் போதும்.

அடுத்தது செயலியின் திறன்கள். இது இரண்டாவது விலக்கான வளங்களின் கீழ் வருவது. 2022 மே மாதம் வெளியான ரெட் ஹாட் 9ஐ, அல்லது அதன் வழிவந்த ராக்கி, அல்மா லினக்ஸை, பழைய பிராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்டில் நிறுவிய பலருக்கு நேர்ந்ததைக் கிட்டத்தில் பார்ப்போம். கெர்னல் ஏறுகிறது, வன்பொருளைக் கண்டுபிடிக்கத் தொடங்குகிறது. பிறகு முதல் நிரலான இனிட்டை ஓட்டும்போது, இந்தச் செயலி எக்ஸ்86-64 இரண்டாம் நிலையைத் தாங்காது என்று ஜிலிப்சி நூலகம் ஒரு வரி எழுதிவிட்டு நிற்கிறது. இனிட் செத்ததால் கெர்னலும் பேனிக் ஆகிறது. திரையில் தங்குவது பேனிக் செய்தியும் அதன் கீழே ஓடும் அழைப்புப் பட்டியலும்தான். மேலே போன அந்த ஒரு வரியைப் பலர் பார்ப்பதில்லை. எனவே கெர்னல்மேல் பழி விழுகிறது.

நடந்தது என்னவென்றால், இன்டெல், ஏஎம்டி, ரெட் ஹாட், சூசே ஆகியவை 2020இல் எக்ஸ்86-64 செயலிகளை நிலைகளாகப் பிரித்தன. இரண்டாம் நிலைக்கு எஸ்எஸ்இ4.2 போன்ற கட்டளைகள் வேண்டும். ஹோஸ்டில் இருப்பது புத்தம் புதிய செயலியாக இருந்தாலும், விஎம்முக்குக் கேவிஎம்64 என்ற பொதுவான பழைய மாதிரியைக் காட்டும்படி பிராக்ஸ்மாக்ஸ் அமைக்கப்பட்டிருந்தது. எந்த ஹோஸ்டுக்கு மாற்றினாலும் ஓட வேண்டும் என்பதற்காக எல்லாத் திறன்களையும் மறைத்துவைத்த ஏற்பாடு அது. 2023 ஜூனில் வந்த பிராக்ஸ்மாக்ஸ் 8, புதிய விஎம்களுக்கு இந்த இயல்பை இரண்டாம் நிலைக்கு உயர்த்தியது. அதற்கு முன் உருவாக்கிய விஎம்களில் பழைய அமைப்பு அப்படியே இருக்கிறது. ஏவிஎக்ஸ் கட்டளைகள் இல்லாத விஎம்மில் மாங்கோடிபி 5.0 எழாமல் சாவதும் இதே ரகம். 2025 மே மாதம் வந்த ரெட் ஹாட் 10 மூன்றாம் நிலையைக் கேட்கிறது. இன்டெல் வரிசையில் 2013இன் ஹாஸ்வெல்லுக்கு முந்தைய செயலிகள் அதற்குப் போதாது. மறுவிற்பனையில் வாங்கிய பழைய சர்வர்களை நம்பி நடக்கும் சிறு நிறுவனங்கள் இதை இப்போதே கணக்கில் வைக்க வேண்டும்.

வட்டும் பிணையமும் சார்ந்த கோளாறுகள் எண்ணிக்கையில் அதிகம், புரிந்துகொள்வது எளிது. ரெட் ஹாட் 7 முதல், கெர்னலோடு ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பில், அது உருவான கணினிக்குத் தேவையான டிரைவர்கள் மட்டுமே இருக்கும். விஎம்வேரில் உருவானதைக் கேவிஎம்முக்குக் கொண்டுவந்தால், அங்கே வட்டுக்குத் தேவையான விர்ட்டியோ டிரைவர் அதில் இல்லாமல், ரூட் வட்டைக் காணவில்லை என்று டிராகட் அவசரத் திரையில் போய் விழும். பூட் பட்டியலின் கடைசியில் இருக்கும் ரெஸ்க்யூ பதிவில் எல்லா டிரைவர்களும் உண்டு. அதன் வழியே எழுந்து இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கினால் பல வேளை அவ்வளவுதான் வேலை. உபுண்டு ஆரம்பத்திலேயே பெரும்பாலான டிரைவர்களைச் சேர்த்து வைப்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. விஎம்வேரில் ஈஎன்எஸ்192 என்றிருந்த பிணைய அட்டையின் பெயர் மாறிவிடுவதால் ஐபி முகவரி ஒட்டாமல் போவதும், வட்டுக்குக் காத்திருக்கும் நேர வரம்பு விஎம்வேர் டூல்ஸ் இருந்தபோது 180 நொடியாக இருந்து, அதை நீக்கியதும் கெர்னலின் இயல்பான 30 நொடிக்குத் திரும்புவதும் இதே குடும்பம். பின்னது கொஞ்சம் ஆபத்தானது. ஸ்டோரேஜ் சற்றுத் தயங்கினால் கோப்பு முறைமை வாசிக்க-மட்டும் நிலைக்குப் போய்விடும்.

சீரற்ற எண்கள் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். கெர்னல் தன் இரகசிய எண்களுக்கான மூலத்தை வட்டு, விசைப்பலகை போன்றவற்றின் குறுக்கீடுகள் வரும் நேரத்திலிருந்து திரட்டுகிறது. 2019 செப்டம்பரில் 5.3 கெர்னல் வெளிவரும் தறுவாயில், எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் வட்டு வாசிப்பைக் குறைக்கும் நல்ல திருத்தம் ஒன்று இருந்தது. வாசிப்பு குறைந்தது, குறுக்கீடு குறைந்தது, போதிய சீரற்ற தன்மை சேராததால் உள்நுழைவுத் திரைக்கு முன்பே சில கணினிகள் உறைந்து நின்றன. லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நல்ல திருத்தத்தை வெளியீட்டுக்கு முன் திரும்பப் பெற்றார், 5.4இல் கெர்னலே காத்திருக்காமல் மூலத்தை உருவாக்கும் முறை வந்தது. தட்டுவதற்கு விசைப்பலகையே இல்லாத விஎம்களில் இந்தப் பஞ்சம் வெகுநாளாக இருந்து வந்தது. ஹோஸ்ட் ஆர்டிராண்ட் கட்டளையைக் காட்டினால், அல்லது விர்ட்டியோ-ஆர்என்ஜி கருவியைக் கொடுத்தால் கெஸ்ட் உடனே எழும். இரண்டும் இல்லாத ஹோஸ்டில் பழைய கெர்னல் நிமிடக்கணக்கில் சும்மா நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

செயலி நெரிசல் பற்றிய ஆய்வில் பெங்களூருவுக்கு ஒரு பங்கு உண்டு. பல செயலிகள் உள்ள கெஸ்ட்டில் ஒரு செயலி பூட்டைக் கையில் வைத்திருக்கும்போது ஹோஸ்ட் அதை ஓரங்கட்டினால், மற்றவை அந்தப் பூட்டுக்காகச் சுற்றிச் சுற்றிக் காத்திருந்து நேரத்தை எரிக்கும். ஸென்னுக்காக ஜெரமி ஃபிட்ஷார்டிங் தொடங்கிய தீர்வைக் கேவிஎம்முக்குக் கொண்டுவந்தவர்கள் ஐபிஎம்மின் பெங்களூருக் குழுவைச் சேர்ந்த ஸ்ரீவத்ச வத்தகிரியும் ராகவேந்திராவும். 2013இல் 3.12 கெர்னலில் அது சேர்ந்தது. காத்திருக்கும் செயலி, சும்மா சுற்றாமல் ஹோஸ்டிடம் சொல்லிவிட்டுத் தூங்கும். ஹோஸ்ட் யார் என்று கெஸ்ட்டுக்குத் தெரிந்தால்தான் இது நடக்கும். செயலி 22 நொடியாகச் சிக்கியிருக்கிறது என்று வரும் சாஃப்ட் லாக்கப் செய்தியைக் கண்டதும் கெர்னல் பிழை என்று முடிவுகட்டாமல், டாப் கட்டளையில் எஸ்டி என்ற எண்ணைப் பாருங்கள். அது ஹோஸ்ட் பறித்துக்கொண்ட நேரம். அந்த எண் உயர்ந்திருந்தால் மருந்து ஹோஸ்டுக்குத்தான் தேவை.

2018 ஜனவரியில் வெளிவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் குறைகளுக்கான தடுப்புகளும் ஹோஸ்டுக்கு ஹோஸ்ட் மாறும். பிசிஐடி என்ற வசதியைக் கெஸ்ட்டுக்குக் காட்டாத ஹோஸ்டில் மெல்ட்டவுன் தடுப்பின் சுமை கூடும். அதனால் ஒரே பிம்பம் இரண்டு இடத்தில் இரண்டு வேகத்தில் ஓடும். சில குறைகளுக்கு, நிலைமை ஹைப்பர்வைசரைப் பொறுத்தது என்று கெர்னலே கைவிரித்து எழுதுகிறது.

கன்டெய்னர்களை விஎம்மோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது இங்கே பரவலாக இருக்கிறது. கன்டெய்னருக்குச் சொந்தக் கெர்னல் கிடையாது. ஹோஸ்டின் கெர்னலே அதற்கும் கெர்னல். துவாக்குடி என்ஐடியில் 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பரம் பொருள் 838 டெராஃப்ளாப் திறன் கொண்டது. இவ்வகை உயர்திறன் கணினிகளில் மென்பொருளைக் கன்டெய்னராகக் கொண்டுபோகும் வழக்கம் உலகெங்கும் வளர்ந்திருக்கிறது. ஆய்வு மாணவர் தன் கணினியில் உருவாக்கிய கன்டெய்னரைப் பழைய கெர்னல் உள்ள பெரிய கணினிக்குக் கொண்டுபோனால், கெர்னல் மிகப் பழையது என்று ஜிலிப்சி மறுத்துவிடக்கூடும். ஜிலிப்சி 2.26 குறைந்தது 3.2 கெர்னலைக் கேட்கிறது. சென்ட்ஓஎஸ் 6இன் கெர்னலோ 2.6.32.

இதைவிட நுட்பமான ஒன்று 2021இல் நடந்தது. புதிய ஜிலிப்சி 2.34, த்ரெட் உருவாக்கக் குளோன்3 என்ற அழைப்பை முதலில் முயன்றது. அந்த அழைப்பு இல்லை என்று கெர்னல் சொன்னால் பழைய குளோனுக்குத் திரும்பிவிடும். பழைய டாக்கரின் பாதுகாப்பு வடிகட்டி, இல்லை என்று சொல்லாமல் அனுமதி இல்லை என்று பதில் சொன்னது. அந்தப் பதிலுக்குத் திரும்பும் வழி ஜிலிப்சியில் எழுதப்படவில்லை. விளைவாக, புதிய உபுண்டு கன்டெய்னர் ஒரு ஹோஸ்டில் ஓடும், இன்னொன்றில் த்ரெட் உருவாக்க முடியாமல் விழும். டாக்கர் 20.10.10இல் அதைத் திருத்தினார்கள்.

இவ்வளவையும் தொகுத்துப் பார்க்கும்போது ஆய்வு முறை பற்றி எனக்கு ஒரு திடமான கருத்து உண்டு. ஹோஸ்டை மாற்றியதும் கெர்னல் தடுமாறினால், கேட்ட அளவுருக்களை எல்லாம் பூட் வரியில் சேர்த்துப் பார்ப்பது நம்மிடையே பழக்கமாகிவிட்டது. ஏசிபிஐயை அணை, ஏபிஐசியை அணை, பாதுகாப்புத் தடுப்புகளை அணை என்று போகும் வைத்தியம் அது. சில வேளை விஎம் எழுந்தும் விடும். எது சரிசெய்தது என்று தெரியாது. எதை இழந்தோம் என்றும் தெரியாது. அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் அதே கோளாறு வேறு முகத்தோடு வரும். இரண்டு ஹோஸ்டிலும் பதிவு எடுத்து ஒப்பிடுவதுதான் ஒழுங்கான வழி. முழு டிமெசேஜ், எல்எஸ்சிபியூ, பயன்பாட்டில் உள்ள கடிகாரம், ஏறிய டிரைவர்கள், பாதுகாப்புக் குறை நிலவரம், பூட் வரி ஆகியவற்றை இரண்டு பக்கமும் சேமித்து, நேர முத்திரைகளை நீக்கி, டிஃப் கட்டளையில் கொடுங்கள். வரிகள் நூற்றுக்கணக்கில் வேறுபடும், பயப்பட வேண்டாம். முதலில் வேறுபடும் இடத்திலிருந்து வரிசையாக வாருங்கள். எழவே எழாத விஎம் என்றால், பூட் வரியில் குவயட் என்பதை நீக்கிவிட்டு, சீரியல் கன்சோலைத் திறந்து அதைக் கோப்பில் பதியச் செய்யுங்கள். திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவது போதாது. மேலே ஓடிப்போன வரியில்தான் காரணம் இருக்கும் என்பதை ரெட் ஹாட் 9இல் பார்த்தோம்.

பிறகு ஹோஸ்ட் பக்கம் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். செயலி மாதிரியை ஹோஸ்ட் என்று வையுங்கள். வட்டின் வகையை மாற்றுங்கள். கெஸ்ட்டுக்கு ஒரே ஒரு செயலியைக் கொடுங்கள். அப்போது கோளாறு மறைந்தால் காலமோ பூட்டோதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இவை எல்லாம் முடிந்த பிறகே கெர்னல் பதிப்பைச் சந்தேகிக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 10,000க்கு மேல் திருத்தங்கள் இருந்தாலும், கிட் பைசெக்ட் கொண்டு பாதி பாதியாகப் பிரித்தால் சுமார் 14 முறை தொகுத்துச் சோதிப்பதில் குற்றவாளித் திருத்தம் அகப்படும்.

கெஸ்ட்டிடம் ஹோஸ்டை மறைப்பதா, சொல்வதா என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு ஓய்ந்தபாடில்லை. மறைத்தால் எங்கும் மாற்றலாம். வேகம் போகும், கேவிஎம்64 போலத் திறன்களும் போகும். சொன்னால் வேகம் கிடைக்கும். ஹோஸ்டோடு கட்டுண்டு போகும். கெஸ்ட்டின் நினைவகத்தை ஹோஸ்டிடமிருந்தே மறைக்கும் ஏஎம்டியின் எஸ்இவி, இன்டெலின் டிடிஎக்ஸ் வந்த பிறகு, ஹோஸ்ட் சொல்வதை நம்பலாமா என்று கெஸ்ட் கேட்கும் காலமும் வந்துவிட்டது. ஓரிரண்டு ஹோஸ்ட் மட்டும் வைத்திருக்கும் கல்லூரிக்கும் தொழிற்கூடத்துக்கும், எங்கும் மாற்றும் வசதிக்காக எல்லாவற்றையும் மறைத்துவைப்பதில் பயன் இல்லை என்பது என் முடிவு. செயலியை முழுதாகக் காட்டுங்கள், விர்ட்டியோவைக் கொடுங்கள், ஹோஸ்டின் விவரத்தை விஎம் பிம்பத்தின் அருகிலேயே ஒரு கோப்பாக எழுதி வையுங்கள்.

விஎம்வேரை விட்டு மாறப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விஎம் புது இடத்தில் எழுந்துவிட்டது என்பதற்காகப் பழைய ஹோஸ்டை அன்றைக்கே அழித்துவிடாதீர்கள். மாதக் கடைசிக் கணக்கு ஒரு சுற்று முடியும்வரையாவது அணைத்து வைத்திருங்கள். அணைப்பதற்கு முன் அதிலிருந்து ஒரு டிமெசேஜ் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கோளாறு வந்த பிறகு புது ஹோஸ்டின் பதிவை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பழையதன் பதிவை அழித்த பிறகு எடுக்க வழியில்லை.